மூன்று லீக்குகளுக்கும் பொதுவான ஆள்

இத்தாலியின் பலெர்மோ நகரில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வியாழக்கிழமை பின்னேரமும் ஓய்வு. ஞாயிறு பெயருக்குத்தான் ஓய்வு. பூசை, சமையல், பிள்ளைகளின் சட்டை துணி, ஊருக்குத் தொலைபேசி என்று அது காலையிலேயே கைமாறிவிடும். வியாழன் பின்னேரம் மட்டுமே ஆண்களுக்கென்று முழுசாக மிஞ்சும். அந்த அருமையான பொழுதை எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பொலிதேயாமாச் சதுக்கத்து வாங்குகளில் உட்கார்ந்து, எப்போதோ நின்றுபோன மூன்று உதைபந்தாட்ட லீக்குகளில் எது திறம் என்று சண்டை பிடித்தார்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அது. மன்னார்ப் பங்குகளின் லீக், தீவுப்பகுதி லீக், யாழ்ப்பாணக் கல்லூரிகளின் லீக் என்று அவர்கள் பீற்றிக்கொண்ட மூன்றுமே யுத்தத்தோடு குலைந்துபோயிருந்தன. இனி ஒரு பந்தயம் வைத்துப் பார்த்து முடிவு சொல்ல வழியே இல்லை. அதனால் அந்த வாதத்துக்கு ஆயுள் கெட்டி.

மன்னாருக்காகக் கதைப்பவர் சுவாம்பிள்ளை. ஒரு வக்கீல் வீட்டில் சமையல் அவருக்கு. வக்கீலின் வாய் இவருக்கு ஒட்டிக்கொண்டதா, இவரின் வாய் வக்கீலுக்கு ஒட்டிக்கொண்டதா என்பது தெரியாது.

"மணலில ஓடிப் பழகின கால் எங்கட கால்," என்று தொடையில் தட்டுவார். "மணலில பந்து உருளாது. நாங்கள் தான் அதைத் தூக்கிக்கொண்டு போக வேணும். எங்கட பெடியள் வெறுங்காலோட நடுக்கோட்டிலயிருந்து அடிச்சால், பந்தும் கோல்கீப்பரும் சேர்ந்து வலைக்குள்ள கிடப்பினம்."

"ஓம், ஓம். பெருநாள் வந்தால் தானே உங்களுக்கு ஆட்டம்," என்று யோசேப் குறுக்கே விழுவான். தீவான். ஒரு மீன் உணவுக் கடையில் பாத்திரம் கழுவுகிறவன். "சனம் கைதட்டினால் உங்கட பின்வரிசையும் கோல் அடிக்கப் போயிடும். பிறகு பின்னுக்கு ஆர் நிக்கிறது? பங்குச் சுவாமியே?"

யோசேப்பின் கட்சி வேறு. தீவுகளில் எந்நேரமும் காற்று. அதனால் பந்தை நிலத்தைவிட்டுக் கிளப்பவே மாட்டார்கள். ஊரில் இருப்பதே பத்துப் பதினைந்து பெடியன்கள். சிறுவயதிலிருந்து அதே பதினொருவர்தான் சேர்ந்து விளையாடுவார்கள். ஒருவன் முகத்தை மற்றவன் பார்க்காமலே பந்தைக் கொடுப்பான். இதை யோசேப் சொல்லும்போது அவனுக்குக் கண் பளபளக்கும்.

அந்த நேரம் பார்த்துச் சோதிலிங்கம் தொண்டையைச் செருமுவார். ஒரு பெரிய மாடிக் கட்டடத்தில் வாயிற்காப்பாளர் அவர். சட்டைக் கொலரை வியாழக்கிழமையும் தளர்த்தமாட்டார்.

"எல்லாம் சரி, யோசேப். கடைசி வள்ளம் வெளிக்கிடுற நேரம் வந்தால் உங்கட ஆக்களுக்குப் பந்து தெரியாது, வள்ளம் தான் தெரியும். முதல் பாதியில மூண்டு கோல் அடிச்சுப்போட்டு, ரெண்டாம் பாதியில நாலு வாங்கிக்கொண்டு வள்ளத்துக்கு ஓடின கூட்டம் நீங்கள். முறையான புல்லில, முறையான பூட்ஸ் போட்டு, முறையான பயிற்சியாளர் வச்சு விளையாடினது நாங்கள் தான்."

"கிழிச்சியள்!" என்பார் சுவாம்பிள்ளை. "நூறு பாஸ் குடுப்பியள். கடைசியில கோலுக்கு அடியுங்கோ எண்டால், பயிற்சியாளர் என்ன சொல்லுறார் எண்டு திரும்பிப் பாப்பியள். சோதினை வந்தால் பாதி ரீம் டியூசனுக்குப் போயிடும்."

இப்படி மூன்று பேரும் மூச்சு வாங்கும் கட்டத்தில் எல்லாத் தலைகளும் ஒரு பக்கம் திரும்பும். வாங்கின் ஓரத்தில் செல்வராசா உட்கார்ந்திருப்பான்.

"நீர் சொல்லும், செல்வராசா. நீர் பொதுவான ஆள்."

அவன் உண்மையிலேயே பொதுவான ஆள்தான். தகப்பன் தபாலதிபர். அரசாங்கம் அவரைத் தீவுக்கும் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பந்து போலத்தான் உதைத்து விளையாடியது. போன இடமெல்லாம் செல்வராசா அங்கத்தைய லீக் அணிக்குப் போய் நின்றான். புதிதாக வந்தவனை உடனே இறக்கமாட்டார்கள். முதலில் வாங்கில் உட்காரச் சொல்வார்கள். அவன் உட்காருவான். அடுத்த வருடம் இடம் கிடைக்கும் என்கிறபோது தகப்பனுக்கு மாற்றல் ஓலை வந்துவிடும். மூன்று லீக்கையும் கண்ணால் கண்டவன் பலெர்மோவில் அவன் ஒருத்தன்தான். மூன்றிலும் ஒரு நிமிடம்கூட விளையாடாதவனும் அவன்தான்.

அவன் தீர்ப்பு எப்போதும் ஒரே மாதிரித்தான் இருக்கும். "மணலில மன்னார். காத்தில தீவு. புல்லில கல்லூரி. ஒண்டையொண்டு சமன் பாக்க ஏலாது." மூன்று பேரும் தாங்களே வென்றதாக நினைத்துக்கொண்டு தாங்கள் குடியிருக்கும் சீசாப் பகுதிக்குப் போகும் பஸ்ஸில் ஏறுவார்கள். நல்ல நீதவான் என்ற பெயரோடு செல்வராசாவும் ஏறுவான். அந்த மரியாதை அவனுக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் மரியாதையை வைத்துக்கொண்டு பந்து உதைக்க முடியுமா?

அந்த வைகாசியில் பங்குக் குருவின் அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. வேற்று நாடுகளிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கிண்ணம். கானாக்காரர் ஒரு அணி, தூனிசியர் ஒரு அணி, மொரீசியஸ்காரர் ஒரு அணி, தமிழர் ஒரு அணி. ஒரே ஒரு அணி! அதுதான் வில்லங்கம். செய்தியைக் கேட்டதும் சதுக்கத்தில் முதலில் கைதட்டல், பிறகு மூன்று பக்கத்திலிருந்தும் ஒரே கேள்வி: ஆளை எடுப்பது யார்?

சுவாம்பிள்ளை எடுத்தால் அணி முழுக்க மன்னாராகிவிடும் என்று யோசேப் சொன்னான். யோசேப் எடுத்தால் பதினொருவரும் ஒன்றுவிட்ட சகோதரர்களாக இருப்பார்கள் என்று சுவாம்பிள்ளை சொன்னார். சோதிலிங்கம் எடுத்தால் எழுத்துச் சோதினை வைப்பார் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். கடைசியில் வழக்கம்போல எல்லாத் தலையும் ஒரு பக்கம் திரும்பியது.

"செல்வராசா எடுக்கட்டும். அவருக்கு ஒரு பக்கமும் இல்லை."

எல்லோருக்கும் பெரிய நிம்மதி. செல்வராசாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஏனென்றால் செய்தியைக் கேட்ட கணத்திலிருந்து அவன் மனதுக்குள் ஒரே ஒரு எண்ணம்தான்: இந்த முறையாவது என்னைக் கூப்பிடுவார்களா? கூப்பிட்டார்கள்தான், ஆனால் வெளியே நிற்பதற்கு.

வீட்டுக்கு வந்து மனைவி அகஸ்ரீனாவிடம் சொன்னான். அவள் ஒரு டாக்டர் குடும்பத்தின் உடுப்புகளை நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிவிட்டு வந்து, தன் வீட்டு உடுப்பை மினுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நல்லதாப் போச்சு," என்றாள். "உங்கட பேரை முதலாவதாப் போடுங்கோ."

"விசர்க்கதை கதையாத. ஆள் எடுக்கிறவன் தன்ர பேரைப் போடலாமே? சனம் சிரிக்கும்."

"இவ்வளவு காலமும் வாங்கில இருந்தியளே, அப்ப சனம் அழுததே?"

அவன் மகள் யூலியானாவின் கணக்குப் பாடத்தைப் பார்க்கிறவன் மாதிரி அடுத்த அறைக்கு நழுவினான். அகஸ்ரீனா மினுக்கியை அழுத்திய அழுத்தில் அவன் சட்டைக் கையில் ஒரு மடிப்பு நிரந்தரமாக விழுந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, ஃபவோறித்தாப் பூங்காவில் தெரிவு ஆட்டம் வைத்தார்கள். ஆளுக்கு ஆள் வண்டி வயிறு வைத்திருந்தார்கள், ஓட முடியாமல் மூச்சிரைத்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு. எந்த இடத்தில் விளையாடினீர்கள் என்று செல்வராசா ஒவ்வொருவராகக் கேட்டான். "சென்டர் ஃபோர்வேர்ட்" என்றார் சுவாம்பிள்ளை. "சென்டர் ஃபோர்வேர்ட்" என்றான் யோசேப். சோதிலிங்கம் கொஞ்சம் யோசித்து, "தேவைப்பட்ட இடத்தில, ஆனால் பெரும்பாலும் முன்வரிசை" என்றார். வந்த அத்தனை பேரும் முன்வரிசை! ஊரில் கோட்டுக்கு வெளியே போன பந்தை எடுத்துக் கொடுத்தவன்கூட விமானம் ஏறிய கையோடு கோல் அடிக்கிறவனாக மாறியிருந்தான். அங்கே போய் விசாரிக்க ஆள் இல்லை என்ற துணிச்சல்தான். மூன்று லீக்கிலும் கோல்கீப்பர் என்று ஒரு பிறவி இருந்ததாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"சும்மா ஒருத்தர் நில்லுங்கோவன், அடிச்சுப் பாப்பம்," என்று யாரோ கத்தினார்கள்.

ஒருவரும் அசையவில்லை. செல்வராசா சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே நின்றான்.

முதல் பந்து மார்பில் மோதியது. வலித்தது. ஆனால் பந்து உள்ளே போகவில்லை. இரண்டாவதை விழுந்து பிடித்தான். முழங்கையில் தோல் போனது. மூன்றாவது வரும்போது, அது எங்கே வரப்போகிறது என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்தது. சுவாம்பிள்ளையின் அக்காள் மகன் பிறின்ஸ் அடித்த பந்து அது. மன்னார்க்காரன் பந்தைத் தூக்கித்தான் அடிப்பான். வாங்கில் உட்கார்ந்து எத்தனை தரம் பார்த்திருப்பான்! பின்னுக்கு ஒரு எட்டு வைத்துக் கையை உயர்த்தினான், பந்து வந்து கைக்குள் இருந்தது. அந்தக் கணத்தில் செல்வராசாவுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! முப்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் இரண்டு மரங்களுக்கு நடுவே நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

அதை ஒருவரும் கவனிக்கவில்லை. "அருமையான அடி, பிறின்சுக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்று சுவாம்பிள்ளை மருமகனைத் தேற்றினார். "பந்து நேராக் கைக்குப் போட்டுது" என்று யோசேப் சொன்னான். கை தானாகவே அங்கே போய் நின்றதாக அவர்கள் நினைப்பு.

வியாழக்கிழமை வந்தது. சதுக்கத்தில் ஒரு வாங்கிலும் இடமில்லை, நின்றுகொண்டும் ஆட்கள். செல்வராசா எழுந்து பெயர்களைச் சொன்னான். மன்னாருக்கு நாலு. தீவுக்கு மூன்று. கல்லூரிக்கு மூன்று. அத்தோடு நிறுத்தினான். தன் பெயரைச் சொல்லக் கூசியது.

சோதிலிங்கம் விரல் மடித்துப் பார்த்தார். "பத்துப் பேர் தானே வருது. கோல்கீப்பர் ஆர்?"

அப்போதுதான் உண்மையான சண்டை தொடங்கியது. கோல்கீப்பர் எந்த லீக்கின் கணக்கில் வருவது? தீவுக் கணக்கில் வந்தால் நாலும் நாலும் சரி, ஆனால் அந்த நாலாவது ஆள் கோல் அடிக்கமாட்டானே என்றான் யோசேப். "எங்களுக்கு ஓட்டம் ஓடுற ஆள் தான் வேணும். கம்பத்துக்கு நடுவில நிக்கிறவனை நீங்களே வச்சுக்கொள்ளுங்கோ." கல்லூரிக் கணக்கில் போடுங்கள் என்றார் சுவாம்பிள்ளை. கல்லூரியின் பெருமை முன்வரிசையில்தான் இருக்கிறது என்று சோதிலிங்கம் மறுத்தார். கோல்கீப்பர் பதவியை மூன்று பேரும் நாறின மீனை மாதிரி ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்தார்கள். கடைசியில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் மாறி மாறி நிற்கலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

"நான் நிக்கிறன்," என்றான் செல்வராசா.

ஒருவருக்கும் காதில் விழவில்லை. அவன் இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகச் சொன்னான். "கோலுக்கு நான் நிக்கிறன்."

சுவாம்பிள்ளை சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"உம்மை எந்தக் கணக்கில போடுறது, செல்வராசா?" என்று சோதிலிங்கம் பணிவாகத்தான் கேட்டார். "எங்கட கல்லூரியில நீர் இருந்தது கொஞ்சக் காலம் தானே. சரியாச் சொன்னால் நீர் மன்னார் ஆள்."

"மன்னாரே?" என்றார் சுவாம்பிள்ளை. "முதல் படிச்சது தீவில எல்லே?"

"தீவில அவர் பிறக்கேல்லையே," என்றான் யோசேப். "எங்கட ஆள் எண்டு சொன்னால் ஊர்ச்சனம் ஏத்துக்கொள்ளாது."

செல்வராசா நின்றுகொண்டே இருந்தான். இத்தனை வருடம் மூன்று லீக்குகளும் அவனைத் தங்கள் பக்கம் இழுத்தது இவ்வளவுக்குத்தானா? தீர்ப்புச் சொல்ல மட்டும் பொதுவான ஆள். இடம் கொடுக்கச் சொன்னால் ஒருவருக்கும் சொந்தமில்லாத ஆள். அவனுக்கு ஆத்திரம் வந்தது. அவனுக்கு ஆத்திரம் வந்து அங்கே யாரும் கண்டதில்லை.

"இன்னொண்டு," என்றார் சோதிலிங்கம். "நீர் விளையாடப் போனால் பிறகு எங்களுக்கு ஆர் தீர்ப்புச் சொல்லுறது?"

"தீர்ப்பும் மண்ணாங்கட்டியும்!" என்று கத்தினான் செல்வராசா. பக்கத்து வாங்கில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த கிழவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு விளையாட வேணும். கேட்டுதே? எனக்கு விளையாட வேணும். உங்கட மூண்டு லீக்கிலயும் வாங்கில இருந்தனான். குளிருக்குள்ளயும் இருந்தனான், வெயிலுக்குள்ளயும் இருந்தனான். ஒருத்தன் காலை முறிக்கமாட்டானோ எண்டு ஆண்டவரைக் கும்பிட்டுக்கொண்டு இருந்தனான், பாவம் தான், ஆனால் இருந்தனான். இஞ்சை வந்தும் எட்டு வருஷமா வாங்கில தான் இருக்கிறன். என்னை ஒருத்தற்ற கணக்கிலயும் போட வேண்டாம். கோலுக்கு மட்டும் விடுங்கோ."

பத்துப் பதினைந்து ஆண்கள் தங்கள் சப்பாத்து நுனிகளைப் பார்த்தார்கள். சுவாம்பிள்ளை முதலில் தலையை ஆட்டினார்.

"சரி. நாலு, மூண்டு, மூண்டு. பதினோராவது ஆள் ஒரு கணக்கிலயும் இல்லை," என்றார். பிறகு, ஒரு வக்கீல் வீட்டுச் சமையற்காரருக்கே உரிய எச்சரிக்கையோடு, "ஆனால் கோல் விட்டால் அதுவும் எங்கட ஒருத்தற்ற கணக்கிலயும் வராது," என்று சேர்த்துக்கொண்டார்.

ஆட்டம் பக்கத்து ஊரான பகேரியாவில், ரயில் பாதைக்குப் பக்கத்து மைதானத்தில், அடுத்த வியாழன் பின்னேரம். மொரீசியஸ்காரருடன். அகஸ்ரீனாவும் மற்றப் பெண்களும் றோல்ஸ் பொரித்து, தோடம்பழம் வெட்டி எடுத்துக்கொண்டு அதே ரயிலில் வந்தார்கள். பிள்ளைகள் கோல் கம்பத்துக்குப் பின்னால் இடம் பிடித்தார்கள். கடலிலிருந்து காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. யோசேப்பின் முகத்தில் வெளிச்சம்.

காற்று தீவாருக்கென்றே அடித்தது. ஆட்டம் தொடங்கியதும் யோசேப்பும் அவனுடைய ஊரான் கிரிசாந்தும் பந்தைத் தரையோடு தரையாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், காற்றுக்குக் கீழால் கொண்டுபோய்க் கோலுக்குள் வைத்துவிட்டு வந்தார்கள். மொரீசியஸ்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிறின்ஸ், மணலில் பழகிய காலால், எங்கிருந்தோ ஒன்றைத் தூக்கி அடித்தான். அது கோல்கீப்பரின் தலைக்கு மேலால் போய் வலைக்குள் விழுந்தது. இரண்டு கோல்! சோதிலிங்கமும் அவருடைய ஆட்களும் நடுவில் நின்று அழகழகாகப் பாஸ் கொடுத்தார்கள். தூரத்தில் நின்று அதைப் பார்த்த செல்வராசாவுக்கே பெருமையாக இருந்தது. மூன்று லீக்கும் ஒரே மைதானத்தில், ஒரே அணியில் விளையாடி அவன் கண்டதில்லை. வேறு யார்தான் கண்டார்கள்?

அவனுக்கும் வேலை வந்தது. உயரமான ஒருவன் வலது மூலைக்கு அடித்ததைப் பாய்ந்து தட்டினான். இன்னொன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். பிறகு ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தபோது, கம்பத்துக்குப் பின்னாலிருந்து யூலியானா, "பப்பா, வெளியில வாங்கோ! எஷி! எஷி!" என்று சிசிலிக்காரப் பிள்ளை மாதிரி அலறினாள். அவன் வெளியே ஓடி, வந்தவனின் காலடியிலேயே விழுந்து பந்தைப் பிடித்துக்கொண்டான். வாய்க்குள் மண். அந்த மண் இனித்தது என்றால் நம்புங்கள்.

இரண்டாம் பாதியில்தான் லீக்குகளின் மற்றப் பக்கம் தெரிந்தது. பெண்கள் கைதட்டத் தொடங்க, மன்னார்ப் பின்வரிசை அப்படியே கோல் அடிக்கக் கிளம்பிவிட்டது. சுவாம்பிள்ளை, அந்த வயதில், அந்த வயிற்றோடு, முன்னால் ஓடினார். திரும்பி ஓட அவரிடம் மூச்சு இருக்கவில்லை. வெறுமையாகக் கிடந்த பாதி மைதானத்தில் ஒரு மொரீசியஸ்காரன் தனியாக வந்து, செல்வராசாவின் இடது பக்கம் தட்டிவிட்டான். அவன் அசைவதற்குள் பந்து உள்ளே.

"டேய் செல்வம்! பாயடா! மரம் மாதிரி நிக்கிறாய்!" என்று நடுக்கோட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சுவாம்பிள்ளை கத்தினார்.

செல்வராசாவுக்குக் காது சிலிர்த்தது. எட்டு வருடத்தில் அவர் அவனை 'நீர்' என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை.

அடுத்தது கல்லூரியின் முறை. சொந்தக் கோலுக்கு முன்னால் பந்தை வைத்துக்கொண்டு சோதிலிங்கம் இடப்பக்கத்து ஆளுக்குக் கொடுத்தார், அந்த ஆள் வலப்பக்கம் கொடுத்தார், வலப்பக்கத்து ஆள் திரும்பவும் சோதிலிங்கத்திடம் கொடுத்தார். "அடியுங்கோ! தூக்கி அடியுங்கோ!" என்று செல்வராசா தொண்டை கிழியக் கத்தினான். யார் சொல்வது என்று சோதிலிங்கம் திரும்பிப் பார்த்தார். அந்தத் திரும்பலில் ஒருவன் பந்தைப் பறித்து அடித்தான். இடது பக்கம். இரண்டுக்கு இரண்டு.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் வெளியிலிருந்து, "பலெர்மோ ரயிலுக்கு நேரமாச்சு!" என்று சொன்னார். கடைசி ரயில் அல்ல, அதற்குப் பிறகும் ரயில் இருந்தது. ஆனால் தீவாரின் கால்களுக்கு அது தெரியவில்லை. யோசேப் நிலையப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். கிரிசாந் ஒரு பார்வை பார்த்தான். ஒரு மொரீசியஸ்காரன் அடித்த பந்து அவர்கள் இருவருக்கும் நடுவால் போனது. செல்வராசா இந்த முறை இடது பக்கம் பாய்ந்தான், பாயத்தான் செய்தான், விரல் நுனியில் பந்து பட்டது, பட்டுக்கொண்டே உள்ளே போனது.

மூன்றுக்கு இரண்டு. தோற்றாயிற்று.

மொரீசியஸ்காரர்கள் வந்து கை கொடுத்தார்கள். றோல்ஸில் பாதியை அவர்களே தின்றுவிட்டுப் போனார்கள். ரயில் ஏறும்வரை எங்கள் ஆட்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது ஒரு பெரிய அதிசயம். பகேரியாவைத் தாண்டி ரயில் வேகம் எடுத்ததும்தான் சுவாம்பிள்ளைக்குப் பேச்சு வந்தது.

"செல்வத்துக்கு இடது பக்கம் பலவீனம்," என்றார்.

"பலவீனமே? இடது பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறதே அவனுக்குத் தெரியாது," என்றான் யோசேப்.

செல்வராசா எதிர் இருக்கையில், முழங்கையில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அங்கே இருப்பதை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை.

"அது அவன்ர பிழை இல்லை," என்றார் சுவாம்பிள்ளை. "உங்கட தீவில தொடங்கினதால வந்த வினை. கல்லுத் தரையில ஆர் பாய்வான்? மன்னார் மணலில வளர விட்டிருந்தால் ரெண்டு பக்கமும் பாய்ஞ்சிருப்பான்."

"மன்னாரில இருந்தவன் தானே! அப்ப ஏன் பாயப் பழக்கேல்லை? வலது பக்கம் பிடிச்ச பிடி முழுக்கத் தீவுப் பிடி."

"வெளியில ஓடி வந்து காலடியில விழுந்தது கல்லூரி முறை," என்றார் சோதிலிங்கம். கொலர் மண்ணாகிக் கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. "அதை ஒருத்தரும் மறுக்க ஏலாது. ஆனால் முறையா அவனை ஒரு வருஷம் பயிற்சிக்கு விட்டிருந்தால் அந்த மூண்டாவது கோல் போயிராது."

குரல்கள் உயர்ந்தன. பெட்டியில் இருந்த இத்தாலியர்கள் கலவரம் என்று நினைத்து எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனார்கள். அவன் வலது பக்கத்தைத் தங்களுடையது என்று மூன்று லீக்கும் பிடுங்கின. இடது பக்கத்தை ஒருவர் மீது ஒருவர் எறிந்தன. களைத்துப்போன யோசேப் பழக்கதோஷத்தில் எதிர் இருக்கைப் பக்கம் திரும்பினான்.

"செல்வராசா, நீர் சொல்லும், ஆர் சொல்லுறது சரி?"

சுவாம்பிள்ளை கையை நீட்டி மறித்தார்.

"அவனை ஏன்ரா கேக்கிறாய்? அவன் விளையாடினவன். விளையாடினவனைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுறதே?"

யோசேப் அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டான். மூவரும் செல்வராசாவை விட்டுவிட்டு அவனைப் பற்றிய சண்டையைத் தொடர்ந்தார்கள்.

அகஸ்ரீனா பக்கத்தில் தூங்கிவிட்ட மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் காதருகே குனிந்தான்.

"கேட்டியே? என்னை எப்பிடி ஏசுகினம் எண்டு கேட்டியே?"

"கேட்டுக்கொண்டு தானே இருக்கிறன்," என்றாள் அகஸ்ரீனா. "வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ. இன்னும் கொஞ்சம் ஏசட்டும்."